நாகேஸ்வர ராவ் பூங்காவில் பறவைப் படம்: காக்கை ஏன் கரிக்கட்டையாகவே வருகிறது?

லஸ்கார்னர்
பிப்ரவரி 2, இரவு 9:40

வணக்கம். ரொம்ப நாளாக எல்லோரும் எழுதுவதைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். இதுதான் என் முதல் பதிவு.

பொங்கல் பறவைகள் கணக்கெடுப்புக்கு அலுவலக நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து 15 நிமிடம் எண்ணினோம். அந்த வழியாகப் பத்து வருடமாகப் போய்வருகிறேன். காக்கை, புறா, கிளி தவிர எதுவும் கண்ணில் பட்டதில்லை. அன்று 14 வகை! செம்மார்புக் குக்குறுவான் என்று ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. அதன் 'டுக் டுக் டுக்' குரலை இத்தனை நாளும் எங்கோ பாத்திரக் கடையில் தட்டுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த வாரமே நிக்கான் டி5600 கேமராவும் 70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் செகண்ட் ஹேண்டில் வாங்கிவிட்டேன். ஆறு நாள் காலையில் போயாயிற்று, 900 படம் இருக்கும். வீட்டில் காட்ட ஒன்றுகூடத் தேறவில்லை. காக்கை எல்லாம் கரிக்கட்டை. தேன்சிட்டு வெறும் புள்ளி. இலையின் நரம்புகூடத் தெரிகிறது, அதை ஒட்டி உட்கார்ந்திருக்கும் பறவை கலங்கிப் போகிறது.

இரண்டு கேள்வி. இன்னும் தூரத்தை இழுக்கும் 150-600 லென்ஸ் வாங்கினால் சரியாகுமா? இல்லை, பூங்காவை விட்டுவிட்டுப் பள்ளிக்கரணை சதுப்புநிலம், வேடந்தாங்கல் சரணாலயம் என்று கிளம்ப வேண்டுமா?

வக்கா
பிப்ரவரி 3, காலை 5:12

லென்ஸ் இப்போது வேண்டாம் தம்பி. பூங்காவையும் விடாதீர்கள்.

வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் குவிந்து கிடக்கும், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கரையில், அவை தண்ணீருக்கு நடுவே மரத்தில். வருஷத்துக்கு இரண்டு தடவை போவீர்கள். கை எப்படிப் பழகும்? பூங்கா வீட்டுக்குப் பக்கத்தில், தினமும் போகலாம். பறவைக்கும் மனுஷர் நடமாட்டம் பழகிவிட்டது. காலையில் நூறு பேர் சுற்றிச் சுற்றி நடந்தாலும் மைனா தன் பாட்டுக்குப் புல்லைக் கிளறிக்கொண்டிருக்கும். வெளியில் நாற்பது அடியில் எழும்பிவிடுகிற பறவை இங்கே பத்தடி வரை விடும்.

காக்கை கரியாவதற்குக் காரணம் அதன் நிறமில்லை, பின்னால் இருக்கும் வானம். கேமரா படம் முழுக்கப் பார்த்து வெளிச்சத்தைச் சராசரி போடும். வானம் வெளேரென்று இருந்தால் வெளிச்சம் அதிகம் என்று எண்ணிக் குறைத்துவிடும். எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (படத்தின் வெளிச்சத்தை நாமே கூட்டிக் குறைக்கும் அமைப்பு) +1.3-க்கு ஏற்றிப் பாருங்கள், போதாவிட்டால் +2. வானம் வெளுக்கும், வெளுக்கட்டும். அதைவிட நல்லது, நீங்கள் நாலடி நகர்ந்து பறவைக்குப் பின்னால் வானம் வராமல் மரத்தின் நிழல் வரும்படி நிற்பது. அந்த இருட்டுப் பின்னணியில் கொக்கு வந்தால் கணக்கு தலைகீழ்: -0.7-க்கு இறக்காவிட்டால் இறகு சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும்.

இலையில் ஃபோகஸ் விழுகிறதென்றால் புள்ளியைத் தேர்ந்தெடுக்கும் வேலையைக் கேமராவிடமே விட்டிருக்கிறீர்கள். அது பெரும்பாலும் முன்னால் இருப்பதைத்தான் பிடிக்கும். ஒற்றைப் புள்ளி, ஏஎஃப்-சி (ஃபோகஸ் தொடர்ந்து பின்தொடரும் முறை), புள்ளி பறவையின் கண் மேல். கண் தெளிவாக இருந்தால் வால் கொஞ்சம் கலங்கினாலும் படம் நிற்கும்.

உட்கார்ந்த பறவைக்கு ஷட்டர் வேகம் 1/500 விநாடிக்குக் கீழே இறங்காதீர்கள். சிட்டுகளுக்கு 1/1000, பறப்பதற்கு 1/2000. மரநிழலில் அதற்கு ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200 வரை போகும். பயப்படாதீர்கள். மணல் மணலாக வந்த படத்தைப் பிற்பாடு ஓரளவு சரிசெய்யலாம். ஆடிப்போன படத்தை யாராலும் மீட்க முடியாது.

ஒரு மாதத்துக்குக் காக்கை மட்டும். வெயில் பக்கவாட்டில் விழும்போது அந்தக் கருப்பில் நீலமும் ஊதாவும் மினுங்கும். அது உங்கள் படத்தில் தெரிகிற அன்றைக்கு வந்து சொல்லுங்கள்.

எஃப்எட்டு
பிப்ரவரி 3, மதியம் 1:25

ஒரு மாதம் காக்கையா? ஆர்வமாக வந்தவரை விரட்டிவிடுவீர்கள் வக்கா சார்.

பறவையின் கண்ணைத் தானே தேடிப் பிடிக்கும் மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத) கேமராக்கள் வந்துவிட்டன. நான் மாறியபிறகு பறக்கும் படங்களில் தேறுவது பல மடங்காகிவிட்டது. கருவி முக்கியமில்லை என்பது கருவி வைத்திருப்பவர்கள் சொல்வது. கை வசதி இருந்தால் 150-600 நல்ல முடிவுதான்.

லஸ்கார்னருக்கு இன்னொரு வழி: குக்குறுவான் உச்சிக்கிளையை விட்டு இறங்காது. ஃபோனில் அதன் குரலைப் போடுங்கள். இரண்டு நிமிடத்தில் உங்கள் தலைக்கு மேல் வந்து உட்காரும். நான் அப்படித்தான் எடுத்தேன்.

வக்கா
பிப்ரவரி 3, இரவு 8:02

நல்ல கேமரா உதவும், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் காட்டுயிர்ப் படக்காரரும் எழுத்தாளருமான மா. கிருஷ்ணன் இதே மயிலாப்பூரில் இருந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைக் கோத்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டார், அதற்குச் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்தார். கருப்பு வெள்ளையில்தான் எடுத்தார். 1950-இலிருந்து 1996-இல் இறக்கும்வரை ஒரே பத்திரிகைப் பத்தியில் காட்டுயிர் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். மரங்கொத்தியும் காக்கையும் அணிலும் அவருக்கு யானைக்குக் குறைந்தவை அல்ல. தெருமுனை மரத்தை அப்படிப் பார்த்த ஒருவர் நடமாடிய ஊரில் இருந்துகொண்டு பூங்காவைப் போதாது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

குரல் போடும் விஷயத்தைப் பிறகு எழுதுகிறேன். அவசரமாக எழுதினால் கோபமாக எழுதிவிடுவேன்.

வடக்குமாடவீதி
பிப்ரவரி 4, காலை 9:30

நான் படம் எடுக்கிறவள் இல்லை. என் பேத்தி இந்தப் பக்கத்தைக் காட்டினாள், நம்ம பூங்கா பெயர் இருந்ததால் எழுதுகிறேன். இருபது வருஷத்துக்கும் மேலாக அங்கே நடக்கிறேன். முன்பு இவரும் வருவார், இப்போது நான் மட்டும்.

லஸ்கார்னர் தம்பி, உங்களைப் பார்த்திருப்பேன் என்று நினைக்கிறேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு குருவி எங்கே போகிறதோ அங்கெல்லாம் பின்னாலேயே ஓடுகிற ஒரு பிள்ளை. அது நீங்கள் என்றால் ஒன்று சொல்கிறேன், உட்காருங்கள். அவை ஒரு சுற்று போய்விட்டுத் திரும்பி வரும். தவிட்டுக்குருவிக் கூட்டம் தினமும் கிட்டத்தட்ட ஒரே நேரத்துக்கு ஒரே புதருக்கு வருகிறது. கரிச்சான் பறந்துபோய்ப் பூச்சியைப் பிடித்துக்கொண்டு அதே கம்பிக்குத்தான் திரும்பும். அதைத் துரத்துவானேன், கம்பியைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதாதா? அரசமரமோ ஆலமரமோ பழுத்திருக்கும் வாரத்தில் மற்ற மரம் எதையும் பார்க்க வேண்டாம். குக்குறுவான், குயில், மைனா எல்லாம் அங்கேதான் குடியிருக்கும்.

காக்கையும் மைனாவும் அணிலும் சேர்ந்து ஒரு மரத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே ஆந்தையோ வல்லூறோ இருக்கும். பூனையாகவும் இருக்கலாம். ஓடாமல் மெதுவாகப் போய்ப் பாருங்கள்.

தவிட்டுக்குருவி
பிப்ரவரி 4, இரவு 10:15

அம்மா எழுதியதை இரண்டு தடவை படிச்சேங்க. பத்து வருஷம் கேமரா தூக்கினவங்களுக்கும் தெரியாத விஷயம் அதில் இருக்குது.

ஃபோனில் குரல் போடுவது பற்றி. நான் கோவைப் பக்கம். ஊர் பெயரும் பூங்கா பெயரும் சொல்ல மாட்டேன், ஏன்னு கடைசியில் தெரியும். ஒரு தூங்குமூஞ்சி மரப் பொந்தில் புள்ளி ஆந்தை ஜோடி ஒன்று இருந்தது. தெரிஞ்ச ஏழெட்டுப் பேர் அமைதியாகப் பார்த்துட்டுப் போவோம். ஒருத்தர் படத்தை வாட்ஸ்அப் குழுவில் இடத்தோடு போட்டுட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரத்தைச் சுத்திப் பதினோரு லென்ஸ். ஆந்தை பொந்துக்குள்ள இருக்குதுன்னு ஒருத்தர் குரல் போட்டார். பாதிதான் எட்டிப் பார்த்தது. இன்னொருத்தர் தடியால் மரத்தைத் தட்டினார். பட்டப்பகலில் அது வெளியே பறந்துச்சு. ஒரு நிமிஷத்தில் காக்கைகள் சூழ்ந்து விரட்டிட்டுப் போச்சு. அடுத்த வாரம் பொந்து காலி. அதுக்கப்புறம் இரண்டு வருஷம் அந்தப் பொந்தில் எதுவும் அடையலைங்க.

அன்னைக்கு நானும் அந்தக் கூட்டத்தில் நின்னேன். 'தட்டாதீங்க'ன்னு சொல்ல வாய் வரலை. அது இன்னும் உறுத்துது.

சட்டமும் தெரிஞ்சுக்கங்க: 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குத் தரும் விளக்கத்துக்குள்ளேயே பறவையின் முட்டையையோ கூட்டையோ தொந்தரவு செய்வதும் வருது. துப்பாக்கி தூக்கினால் மட்டும் வேட்டை இல்லைங்க.

எஃப்எட்டு
பிப்ரவரி 5, காலை 11:48

மரத்தைத் தட்டியதை நான் ஆதரிக்கவே இல்லை. அது அயோக்கியத்தனம். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். லஸ் முனையில் ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் ஹாரன்! அதையெல்லாம் தாங்கும் பறவைக்கு என் ஃபோனின் முப்பது விநாடி பெரிதா?

இன்னொன்று. தினமும் காக்கைக்குச் சோறு வைக்கிறோம். ராயப்பேட்டையில் மொட்டைமாடியில் பலகை அடித்து ஆயிரக்கணக்கான கிளிகளுக்கு அரிசி வைத்தவரை ஊரே கொண்டாடியது. அங்கே வைப்பது புண்ணியம், படத்துக்காகக் கிளையில் ஒரு பழத்தை வைத்தால் பாவமா?

பீஷான்வாசி
பிப்ரவரி 5, இரவு 7:20

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். நான் பழகுவது பீஷான் - அங் மோ கியோ பூங்காவில். முன்பு காங்கிரீட் கால்வாயாக இருந்த தண்ணீர் 2012-இலிருந்து ஆறாக வளைந்து ஓடுகிறது. 62 ஹெக்டேர். கரையில் மீன்கொத்தி, நாரை, சில நாள் நீர்நாய்க் குடும்பமே வரும்.

இங்கே 2020 ஜூனிலிருந்து காட்டுயிர்ச் சட்டப்படி எந்தக் காட்டுப் பறவைக்கும் தீனி போடக்கூடாது. முதல் தடவை பிடிபட்டாலே 5,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம். வந்த புதிதில் எனக்கு இது கடுமையாகத் தோன்றியது. அம்மா இலையில் முதல் பிடியைக் காக்கைக்கு எடுத்துவைப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இப்போது எனக்குப் படுவது: தீனி போட்டு எடுத்த படம் பார்த்தாலே தெரிகிறது. எல்லாருடைய மீன்கொத்தியும் ஒரே குச்சியில், ஒரே கோணத்தில், ஒரே மீனோடு. அந்தப் படத்தில் மீன்கொத்தி தன் வேலையைச் செய்யவில்லை. நம் வேலையைச் செய்கிறது.

வக்கா
பிப்ரவரி 6, காலை 5:30

மூன்று நாளாக எழுதிக் கிழித்துப் போட்டது இது.

எஃப்எட்டு, ஹாரன் பறவைக்கு வெறும் சத்தம். அதன் சொந்தக் குரல் அதற்குச் செய்தி. 'என் எல்லைக்குள் இன்னொருவன் வந்துவிட்டான்' என்பது அந்தச் செய்தி. அதைக் கேட்ட ஆண் பறவை இரை தேடுவதை நிறுத்திவிட்டு எதிரியைத் தேடும். எதிரி இல்லை, ஃபோன்தான் இருக்கிறது. அந்த நேரத்தில் கூட்டில் குஞ்சு இருந்தால், வால்காக்கைக்கு அந்தச் சில நிமிடம் போதும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் செய்திருக்கிறேன். பதினைந்து வருஷம் இருக்கும், ஒரு அக்டோபர் மாதம். நகரத்துக்குள் ஒரு தோட்டத்தில் ஆறுமணிக் குருவி இறங்கியிருந்தது. காலையும் மாலையும் ஆறு மணிவாக்கில் குரல் கொடுப்பதால் அந்தப் பெயர். இமயமலை அடிவாரக் காடுகளிலும் மத்திய இந்தியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டுக் குளிருக்குத் தெற்கே வரும். வந்து இறங்கிய களைப்பில் தோட்டங்களில் சருகைக் கிளறிப் பூச்சி தின்னும். எனக்கு அன்றைக்கே படம் வேண்டும். குரல் போட்டேன். அது சருகை விட்டுவிட்டுச் சுவர் மேல் ஏறிப் பதில் குரல் கொடுத்தது. நான் போட்டுக்கொண்டே இருந்தேன், அது கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. அரை மணி நேரம் ஒரு புழுகூட எடுக்கவில்லை. அவ்வளவு தூரம் பறந்து வந்த உயிரைப் பட்டினி போட்டு எடுத்த படம் அது. நல்ல படம்தான். யாருக்கும் காட்டியதில்லை.

காக்கைச் சோறு பற்றி. அதற்கும் இதற்கும் ஒரு வித்தியாசம் எனக்குத் தெரிகிறது. நம் வீட்டுக் கைப்பிடிச்சுவரில் வைக்கும் சோற்றுக்குக் காக்கை வந்தால் வரும், வராவிட்டால் அணில் தின்னும். யாரும் அதை ஒரு இடத்தில் நிறுத்திவைக்கப் பார்ப்பதில்லை. ஆனால் பூங்காவில் மிக்சரும் பிஸ்கட்டும் இறைப்பது எனக்குப் பிடிக்காது. காக்கை பெருகினால் சிட்டின் முட்டைக்குத்தான் ஆபத்து.

லஸ்கார்னர்
பிப்ரவரி 11, காலை 8:50

எல்லாவற்றையும் படித்தேன். குரல் போடும் ஆப்பை இறக்கி வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன்.

ஓடிய பிள்ளை நான்தான் அம்மா. இப்போது உட்காருகிறேன்.

ஒரு அவசரக் கேள்வி. இன்று பூங்காவுக்குள் நுழைந்ததும் லென்ஸ் முழுக்கப் பனி. துடைக்கத் துடைக்க மறுபடி வந்தது. கருவியில் கோளாறா?

வக்கா
பிப்ரவரி 11, காலை 9:15

ராத்திரி ஏசி அறையில் வைத்திருந்தீர்களா? குளிர்ந்த கண்ணாடியில் நம் ஊர் ஈரக்காற்று பட்டால் வேர்க்கும். துடைக்காதீர்கள். கிளம்புவதற்கு அரைமணி முன்பே பையோடு கூடத்துக்குக் கொண்டுவந்துவிடுங்கள், பையைத் திறக்காமல். ஈரத்தோடு மூடி வைத்தால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவும் சிலிக்கா ஜெல்லும் இங்கே லென்ஸைவிட முதலில் வாங்க வேண்டியவை.

முக்காலியும் வேண்டாம், நடப்பவர்களுக்கு இடைஞ்சல். பழைய பேண்ட் காலில் ஒரு சாண் வெட்டி, அரிசி நிரப்பித் தைத்து, பெஞ்சின் முதுகில் போட்டு அதன்மேல் லென்ஸை வையுங்கள்.

எஃப்எட்டு
பிப்ரவரி 12, இரவு 11:05

ஆறுமணிக் குருவி பற்றி எழுதியதை நேற்றிலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறேன் சார். என் குக்குறுவான் படத்தை எடுத்துப் பார்த்தேன். அலகு திறந்து, தொண்டை உப்பி. பாடுகிறது என்று தலைப்புப் போட்டிருந்தேன். அது பாட்டு இல்லையோ என்று இப்போது தோன்றுகிறது.

கூடு கட்டும் காலத்திலும் வலசைப் பறவைக்கும் இனிமேல் போட மாட்டேன். முற்றிலும் விட்டுவிடுவேன் என்று இங்கே எழுதி, பிறகு மீற விரும்பவில்லை. அதனால் இவ்வளவுதான் சொல்கிறேன்.

தவிட்டுக்குருவி
பிப்ரவரி 13, காலை 7:40

சொன்னதே பெரிசுங்க.

லஸ்கார்னர்
மார்ச் 24, இரவு 10:10

வக்கா சார், நீலம் தெரிந்துவிட்டது. மார்ச் 2, காலை 7:10. 1/800, எஃப்/6.3, ஐஎஸ்ஓ 1250, +0.7. காக்கை குழாயடியில் குனிந்து தண்ணீர் குடித்துவிட்டு அலகை உயர்த்திய நொடி. கழுத்தின் சாம்பலும் தோளில் ஊதாவும் தனித்தனியாகத் தெரிகின்றன. என் மனைவி அதைப் பார்த்து, 'இது நம்ம காக்கையா?' என்று கேட்டாள்.

இன்னொன்று, இதற்காகத்தான் எழுத வந்தேன். பிப்ரவரி நடுவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது கேமராப் பையின் மேல் மரத்தூள் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தால் ஒரு பட்டுப்போன கிளையின் அடிப்பக்கத்தில் ரூபாய்க் காசு அளவுக்கு ஒரு துளை. அதற்குள்ளிருந்து குக்குறுவான் தலையை நீட்டிச் சிராயைத் துப்பியது. ஆணும் பெண்ணும் மாறி மாறிக் குடைந்தன. பூங்காவில் வேலை செய்யும் பெரியவரிடம் காட்டினேன். பட்ட கிளை என்று அடுத்த வாரம் வெட்டுவதாக இருந்தாராம். குஞ்சு பறக்கும்வரை தொடமாட்டேன் என்றார். அந்தப் பறவைக்குப் பட்ட கிளைதான் வேண்டும், பச்சைமரத்தை அதனால் குடைய முடியாது என்று அதுவரை எனக்கும் தெரியாது.

போன வாரம் குஞ்சுகளுக்கு இரை வர ஆரம்பித்தது. முதல் நாள் பத்தடியில் நின்றேன். தாயோ தகப்பனோ தெரியவில்லை, அலகில் ஆலம்பழத்தோடு பக்கத்துக் கிளையில் வந்து உட்கார்ந்தது. என்னைப் பார்த்தது. துளையைப் பார்த்தது. உள்ளே போகவில்லை. ஐந்து நிமிடம் அப்படியே. அந்த இடத்தில் வெளிச்சம் அருமை, நெஞ்சின் சிவப்பும் கண்ணைச் சுற்றிய மஞ்சளும் அப்படியே தெரிந்தன. இரண்டு படம் எடுத்தேன், பிறகு என்னால் எடுக்க முடியவில்லை. பின்னோக்கி நடந்து அடுத்த மரத்துக்கு அந்தப்பக்கம் போனேன். நான் போய் உட்காரும் முன்பே அது உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு எடுத்ததெல்லாம் அந்தத் தூரத்திலிருந்துதான். பறவை சிறிதாகத்தான் வருகிறது. ஆனால் கிளை முழுதும், துளையும், உள்ளிருந்து நீளும் ஒரு குஞ்சின் அலகும் ஒரே படத்தில் இருக்கின்றன. இணைத்திருக்கிறேன். எந்த மரம் என்று மட்டும் கேட்காதீர்கள்.

வக்கா
மார்ச் 25, காலை 5:05

இந்தப் படத்தை வெட்டிப் பெரிதாக்காதீர்கள். இப்படியே இருக்கட்டும். இடது ஓரத்தில் வெளிச்சமாக ஒரு இலை இருக்கிறது, அதை மட்டும் கொஞ்சம் இருட்டாக்குங்கள்.

எஃப்எட்டு
மார்ச் 25, காலை 10:32

இவ்வளவு தூரத்திலிருந்து 300-இல் எடுத்ததா! குஞ்சின் அலகு தெரியும் படம் என்னிடம் ஒன்றுகூட இல்லை.

வடக்குமாடவீதி
மார்ச் 25, மாலை 4:20

எந்த மரம் என்று எனக்குத் தெரியும் தம்பி. நானும் யாருக்கும் சொல்லவில்லை.

அந்தப் படத்தைப் பெரிய அளவில் ஒரு பிரதி போட்டுத் தர முடியுமா? செலவு என்னுடையது. இவருக்கு இப்போது மாடிப்படி இறங்க முடியவில்லை. பேத்தியின் ஃபோனில் காட்டினேன், கண்ணுக்கு எட்டவில்லை. குக்குறுவான் கத்தினால் மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பி, 'வந்துட்டான் பார்' என்கிறார். வெள்ளிக்கிழமை ஆறரைக்கு நான் அந்தப் பெஞ்சில் இருப்பேன்.